தள்ளிவிடும் தமனி, திரும்பிவரும் சிரை: ரத்த ஓட்டம் அறிந்து செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முதல் மாடியில் இருந்த ஒரு கிளினிக்குக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் உட்காரச் சொன்னார்கள். ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். அம்மாவின் கை மடியில் கிடந்தது. "சாப்டாச்சாம்மா? மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று பேச்சுக் கொடுத்தபடியே பிரஷர் பார்த்தார்கள். 168/96. மாத்திரையைக் கூட்டி எழுதப் போனார் மருத்துவர். "கொஞ்சம் இருங்க சார், அம்மா இப்பதான் படி ஏறி வந்தாங்க" என்றேன். பத்து நிமிடம் கழித்து, கையை மேசைமேல் வைத்து, பேசாமல் இருக்கச் செய்து மறுபடி பார்த்தார்கள். 138/84. அதே அம்மா, அதே கருவி. மாறியது பார்த்த முறை மட்டும்.

பிரஷர் பார்க்கும் விதிகளை எத்தனையோ மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டு மறந்துவிடுகிறோம், ஏனென்றால் அந்த விதிகளுக்குப் பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருப்பதில்லை. ரத்தம் எப்படி ஓடுகிறது என்பது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் இந்த விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அதனால் கீழே ஒவ்வொரு விதியோடும் அதன் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்வோம்

பேச்சுவழக்கில் நாம் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்கிறோம், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம். அவை நரம்புகள் அல்ல, சிரைகள். இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிறோமே, அங்கே துடிப்பது தமனி. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் அது. இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள் இருக்கின்றன.

நம் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதாவது, இருக்கும் ரத்தம் முழுவதும் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்துவிடுகிறது. வெளியே போன ரத்தம் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். அரைமணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடலில் இருக்கும் மொத்த ரத்தத்தைவிட அதிகம். அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வரவேண்டும் என்பது அவருடைய கணக்கு.

ரத்தத்தின் அழுத்தத்தை முதலில் அளந்து காட்டியவர் ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நிமிர்த்தி இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு எழும்பி நின்றது. 1733இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம்முடைய 120 என்ற அளவு 120 மில்லிமீட்டர் பாதரச உயரம். அதையே ரத்தத்தின் உயரமாகக் கணக்கிட்டால் சுமார் 5 அடி வரும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அளவுக்குத் தள்ளுகிறது.

இந்த வேகமும் அழுத்தமும் பாதை முழுக்க அப்படியே இருப்பதில்லை. கல்லணை தாண்டிய காவிரி கிளை கிளையாகப் பிரிந்து, கடைசி வாய்க்காலில் வரப்பை உடைக்காமல் வயலுக்குள் மெதுவாக இறங்குவதைப்போல, தமனியும் பிரிந்து பிரிந்து போகிறது. பெருந்தமனியில் 120/80 ஆக இருந்த அழுத்தம் தந்துகியின் வாசலில் 35 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தந்துகியைத் தாண்டும்போது 15 அளவுதான் மிச்சம். இதயத்தின் வலப்பக்க அறையைச் சேரும்போது ஏறக்குறைய பூஜ்யம்.

அழுத்தம் அதிகமாக விழும் இடம் தந்துகிக்கு முன்னால் உள்ள நுண்தமனிகள். அவற்றின் சுவரில் உள்ள தசை, மடையைத் திறப்பதுபோலவும் அடைப்பதுபோலவும் குழாயை விரிக்கிறது, சுருக்குகிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். மற்றதெல்லாம் மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் பாதியானால், ஓட்டம் பாதியாகக் குறையாது. பதினாறில் ஒரு பங்காகக் குறையும். விட்டம் பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நுண்தமனிகள் சுருங்கியே இருந்தால் அதே ஓட்டத்தைக் கொடுக்க இதயம் கூடுதலாக முக்கித் தள்ள வேண்டும். ரத்தக்கொதிப்பின் அடிப்படை இதுதான்.

ஆக, இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. தமனியில் தள்ளுவதற்கு இதயம் இருக்கிறது. அங்கே நம் கவலை அழுத்தம் கூடிவிடக் கூடாது என்பது. சிரையில் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அங்கே நம் கவலை ரத்தம் தேங்கிவிடக் கூடாது என்பது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

அழுத்தம் அளக்கும்போது செய்ய வேண்டியவை

1. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். படி ஏறினால் தசைகளுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். இதயம் வேகமெடுக்கும், அழுத்தம் ஏறும். அது நோய் அல்ல, உடல் செய்ய வேண்டிய வேலை. நாம் அளக்க விரும்புவது ஓய்வில் உள்ள அழுத்தத்தை.

2. கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். குழாய்க்குள் நிற்கும் ரத்தத்துக்கும் எடை உண்டு. கை 10 செ.மீ. கீழே இறங்கினால் கருவி சுமார் 8 அளவு கூடுதலாகக் காட்டும். மேலே தூக்கினால் அதே அளவு குறைத்துக் காட்டும். பட்டை கட்டும் இடம் நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் சரி.

3. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து உட்காருங்கள். முதுகுக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் உடலை நிமிர்த்திப் பிடிக்கத் தசைகள் இறுகும். கால்மேல் கால் போட்டால் தொடைத் தசைகள் ரத்தக்குழாய்களை அழுத்தும். இரண்டுமே அளவைக் கூட்டும்.

4. கைக்குப் பொருத்தமான பட்டையைக் கேளுங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையாவது சுற்றிவர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால், தமனியை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும். அந்த அதிகம் உங்கள் கணக்கில் ரத்தக்கொதிப்பாக எழுதப்பட்டுவிடும்.

5. முதல் தடவை இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ, இனி எப்போதும் அந்தக் கை. இரண்டுக்கும் தொடர்ந்து 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் கையின் தமனி எங்கோ குறுகியிருக்கலாம்.

6. வீட்டில் அளந்து நோட்டில் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, இடையில் ஒரு நிமிட இடைவெளி. இப்படி ஒரு வாரம். மருத்துவமனையைப் பார்த்ததுமே சிலருக்குப் பதற்றத்தில் அழுத்தம் ஏறும். வீட்டுச் சராசரி உண்மைக்கு அருகில் இருக்கும். மருத்துவமனையில் 140/90 எல்லைக்கோடு என்றால், வீட்டுச் சராசரிக்கு 135/85.

7. இரண்டு எண்களுக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் அதோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். பட்டையின் அழுத்தம் தமனியை முழுதாக மூடும்போது சத்தம் இல்லை. மெல்ல இறக்கும்போது, மூடிய தமனியை ரத்தம் முட்டித் திறக்கும் முதல் 'டப்' சத்தம் மேல் எண். தமனி முழுதாகத் திறந்து, ஓட்டம் சலசலப்பில்லாமல் சீராகி, சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் முதலாவது, அது தளர்ந்து நிரம்பும்போது உள்ள அழுத்தம் இரண்டாவது.

அழுத்தம் அளக்கும்போது செய்யக்கூடாதவை

1. பேசாதீர்கள், பேச்சுக் கொடுக்கவும் விடாதீர்கள். பேசினாலே அழுத்தம் ஏறும். நலம் விசாரிப்பதைப் பட்டையைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2. துணிக்கு மேல் பட்டை கட்டாதீர்கள். சட்டைக் கையை மடித்துச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தவறு. அந்தச் சுருளே இன்னொரு பட்டையாக இறுக்கும். ஒரு கையை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

3. காபி, டீ குடித்தோ புகைபிடித்தோ அரைமணி நேரத்துக்குள் பார்க்காதீர்கள். இரண்டும் நுண்தமனிகளைத் தற்காலிகமாகச் சுருக்கும்.

4. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை, நுண்தமனிகளைச் சுருக்கும் நரம்புகளைத் தூண்டி அழுத்தத்தை ஏற்றும்.

5. ஒரே ஓர் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறும். ஒருநாள் அதிகமாக வந்ததால் பயந்து கூடுதல் மாத்திரை போடுவதும், ஒருநாள் குறைவாக வந்ததால் மாத்திரையை விடுவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத ஆபத்துகள்.

தமனியைக் காக்கச் செய்ய வேண்டியவை

தமனி ஒரு மீள்குழாய். இதயம் தள்ளும்போது விரிந்து, இதயம் ஓயும் நேரத்தில் சுருங்கி, ரத்தத்தை நிற்காமல் முன்னே அனுப்புகிறது. வயதோடு அந்த மீள்தன்மை குறைகிறது. அறுபது தாண்டியவர்களுக்கு மேல் எண் ஏறிக் கீழ் எண் இறங்கி, 160/70 போல வருவது இதனால்தான். விறைத்த குழாயில் ஒவ்வொரு துடிப்பும் சுத்தியல்போல மூளையின் சிறு தமனிகளையும் சிறுநீரகத்தின் சிறு தமனிகளையும் அடிக்கும். வலி தெரியாது. அதுதான் இந்த நோயின் கொடுமை.

1. உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். ரத்தத்தின் அளவு கூடும், அதே குழாயில் நெரிசல் கூடும். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று இலையோரத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடாது.

2. தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். ஓட்டம் கூடும்போது ரத்தம் தமனியின் உள்சுவரை உரசிச் செல்கிறது. அந்த உரசலை உணர்ந்து உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்கிறது. அது தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கிறது.

3. முப்பது வயது தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வெட்கப்படாமல் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

4. மாத்திரையின் பக்கவிளைவை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு ஆம்லோடிபின் தொடங்கிய பிறகு கணுக்கால் வீங்கும். அந்த மாத்திரை நுண்தமனியின் மடையைத் திறந்துவிடுகிறது. தந்துகிக்குள் அழுத்தம் சற்றுக் கூடி, நீர் வெளியே கசிகிறது. சிறுநீரகம் போய்விட்டது என்று பதறவும் வேண்டாம், சொல்லாமல் மறைக்கவும் வேண்டாம். மாத்திரையை மாற்ற வழி இருக்கிறது.

தமனியைக் காக்கச் செய்யக்கூடாதவை

1. "நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அது நார்மல். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் சட்டென்று எகிறும்.

2. இந்துப்பு நல்லது என்று தாராளமாகப் போடாதீர்கள். நிறமும் விலையும் வேறானாலும் அதில் இருப்பதும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த உப்பு வேறு வகை. அது அழுத்தத்தைக் குறைக்க உதவும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

3. புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம். பீடி, சிகரெட், வெற்றிலையோடு மெல்லும் புகையிலை எதுவானாலும் சரி. நிக்கோட்டின் குழாயைச் சுருக்குகிறது. புகை உள்சுவரைப் புண்ணாக்குகிறது. கொழுப்பு படிவது அங்கேதான். பதினாறில் ஒன்று என்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். படிவு கொஞ்சம் என்றாலும் இழப்பு கொஞ்சமல்ல.

4. மூட்டுவலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தொடர்ந்து போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும்.

5. சலூனில் கழுத்துச் சொடக்கு எடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் நான்கு தமனிகளும் கழுத்து வழியாகத்தான் போகின்றன. அவற்றில் இரண்டு கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள் நுழைந்து செல்கின்றன. சட்டென்று திருகும்போது உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் ஒரு நொடி சுகத்துக்கு அந்த விலை தேவையில்லை.

சிரையைக் காக்கச் செய்ய வேண்டியவை

உங்கள் கையைத் தொங்கவிடுங்கள். புறங்கையில் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையின்மேல் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் அதை மணிக்கட்டுப் பக்கமாக நீவுங்கள். சிரை தட்டையாகிவிடும். நீவிய விரலை எடுத்தாலும், வழியில் ஒரு வால்வு இருந்தால், மேலிருந்து ரத்தம் இறங்கி வராது. அழுத்திய விரலை எடுத்தால் மட்டும் கீழிருந்து நிரம்பும். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் ஹார்வி இதே வகைச் சோதனையைத்தான் முழங்கையில் செய்து காட்டினார். சிரையின் வால்வு ஒருவழிக் கதவு.

எந்த நேரமும் நம் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் இருக்கிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 வரை போகும். நடக்கத் தொடங்கினால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சிரையைப் பிழிகிறது, பிழிந்த ரத்தம் மேலே ஏறுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

1. நின்றே வேலை செய்பவர்கள் அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். அரைமணிக்கு ஒருமுறை இருபது தடவை போதும். ஜவுளிக்கடைப் பணியாளர்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஆசிரியர்கள், சமையல்காரர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

2. உட்கார இடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கேரளம் 2018இல் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் அதே போன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. கடை உரிமையாளர்களே, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பணியாளர்கள் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். அது அவர்கள் கால் சிரைகளின் வால்வுகளைக் காப்பாற்றும்.

3. இரவில் காலை உயர்த்திப் படுங்கள். பாதம் இதயத்தைவிடச் சற்று மேலே இருந்தால் பகலில் தேங்கியது தானாகத் திரும்பும்.

4. மருத்துவர் சொன்னால் அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்ததும் அணியுங்கள். வீங்கிய பிறகு அணிந்து பயனில்லை. ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கால்கள் வீங்காமல் இருப்பதற்கு அதன் இறுக்கமான தடித்த தோல் ஒரு முக்கியக் காரணம். காலுறையும் அதே வேலையைச் செய்கிறது.

5. வலியின் தன்மையைக் கவனியுங்கள். நின்றால் கனத்து, காலைத் தூக்கினால் சுகமானால் அது சிரையின் குறை. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிட்டால் அது தமனியின் குறை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சிரையைக் காக்கச் செய்யக்கூடாதவை

1. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் உறைகட்டி பெயர்ந்து, சிரை வழியாகவே இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலை அடைக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108ஐ அழையுங்கள்.

2. நீண்ட பயணத்திலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் காலை அசைக்காமல் வைக்காதீர்கள். தேங்கிய ரத்தம் உறையும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பதற்கு எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லை.

3. தமனிக் குறை உள்ள காலுக்கு அழுத்தக் காலுறை போடாதீர்கள். ஏற்கெனவே ஓட்டம் குறைந்த காலை மேலும் இறுக்கினால் விரல்கள் கறுத்துவிடும். சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

4. மூச்சை அடக்கி முக்காதீர்கள். கழிப்பறையிலும் சரி, நிரம்பிய சிலிண்டரைத் தூக்கும்போதும் சரி. முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, சிரை ரத்தம் இதயத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே காத்து நிற்கும். உள்ளே வராததை இதயம் எப்படித் தள்ளும்? முதியவர்கள் சிலர் கழிப்பறையில் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுந்து நிற்கும்போதும் மயக்கத்திலும்

படுத்திருந்து எழுந்தால் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால், வயிற்றுச் சிரைகளுக்கு இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் இதை நொடியில் அறிந்து, குழாய்களைச் சுருக்கச் சொல்லும். முதுமையில் அந்தச் சேதி தாமதமாகப் போகிறது.

*செய்ய வேண்டியவை:*

- எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை ஆட்டிவிட்டு, பிறகு நில்லுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவர்களுக்கு இது கட்டாயம்.
- மயங்கியவரை மட்டமாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். கால் சிரைகளில் தேங்கியது இதயத்துக்கு வரும், அங்கிருந்து மூளைக்குப் போகும்.

*செய்யக்கூடாதவை:*

- மயங்கியவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். படுத்தவருக்குத்தான் மூளையும் இதயமும் ஒரே மட்டத்தில் இருக்கும். விழுந்தது உடல் தனக்குத் தானே செய்துகொண்ட முதலுதவி.
- நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
- தலைசுற்றினாலே லோ பிரஷர் என்று முடிவுகட்டி உப்புத்தண்ணீர் குடிக்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

ரத்தம் கொட்டும்போதும் பாம்பு கடித்தாலும்

தமனி வெட்டுப்பட்டால் இதயத் துடிப்போடு சேர்ந்து பளிச்சென்ற சிவப்பாகப் பீறிடும். சிரை வெட்டுப்பட்டால் கருஞ்சிவப்பாகச் சீராக வழியும்.

*செய்ய வேண்டியவை:*

- எதுவானாலும் சுத்தமான துணியை வைத்து, காயத்தின்மேலேயே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கியது பெயர்ந்துவிடும்.
- சுருண்ட கால் சிரை வெடித்து ரத்தம் கொட்டினால் உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, அந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். நிற்கும்போது 90 ஆக இருந்த அழுத்தம் அந்த நொடியே விழுந்துவிடும். பெரும்பாலும் இதுவே போதும்.
- பாம்பு கடித்தால் கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

*செய்யக்கூடாதவை:*

- காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பாதீர்கள். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம். பொடி புண்ணைச் சீழாக்கும்.
- சிரை வெடித்த காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தொடையில் துணியைக் கட்டாதீர்கள். அந்தக் கட்டு இதயத்துக்குத் திரும்பும் வழியை மட்டும் அடைக்கும். தமனி தள்ளிக்கொண்டே இருக்கும், காயம் கூடுதலாகக் கொட்டும்.
- பாம்பு கடித்த இடத்துக்கு மேல் கயிறு கட்டாதீர்கள். மிக இறுக்கினால் தமனி அடைபட்டுக் கால் அழுகும். அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டு வீக்கம் பெருகும். கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பரவும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

அழுத்தம் 180/120ஐத் தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், திடீர்ப் பார்வைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் இருக்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்கவும் வேண்டாம்.

அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் அதிகம் என்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டு அழுத்தத்தைச் சடாரென்று இறக்காதீர்கள். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்ட மூளைக்கு, திடீர் இறக்கத்தில் ரத்தம் போதாமல் போய்விடும்.

அம்மா இப்போது எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். அழைத்தால், "அஞ்சு நிமிஷம் ஆகட்டும்பா" என்கிறார். பிறகு கையை மேசைமேல் வைத்து, வாயை மூடிக்கொண்டு, பட்டை இறுகுவதையும் தளர்வதையும் கவனித்துக்கொண்டிருக்கிறார். அளந்து முடித்ததும் இரண்டு எண்களையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று ஒருமுறை விளக்கியது அவருக்குப் போதுமாக இருந்தது.